முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும்

பண்டாரவளை ஏலத்தில்
இசைத்தட்டுப் பெட்டியை நான் எடுத்தேன்,
தட்டுச் சுழற்றியைத் தவமலர் எடுத்தாள்.
அடுத்தடுத்த இலக்கங்கள், பதினான்கு, பதினைந்து.
என் பெட்டியின் அடியில் ஒன்பது பகிடிப் புத்தகங்கள்
கேளாமலே வந்தன,
கத்தரிக்காயோடு கறிவேப்பிலை வருகிற மாதிரி.
ஏலக்காரன் சுத்தியலைக் கீழே வைத்துச் சொன்னான்:
"ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க."
ஏழு வருஷமாகப் பேசுகிறோம்.

ஞாயிறு மாலை. அப்புத்தளை.
என் மருந்துக்கடைக்கு மேலே உள்ள அறை.
யன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும்,
திறக்காவிட்டாலும் வரும்.
ஈரத்தில் தட்டுகள் வளைந்துவிட்டன.
பெரகலை வளைவுகளில் பஸ் போவது போல
முள் ஏறி இறங்குகிறது.
ஒவ்வொரு திருப்பத்திலும் கிட்டாருக்குக்
கொஞ்சம் வாந்தி வருகிறது.

அட்டைகளில் தொப்பிக்காரர்கள்.
வேலியில் சாய்ந்த ஒருவன்.
குதிரையின் பக்கத்தில், குதிரையைவிடச் சோகமாய் ஒருவன்.
அவன் முதுகுக்குப் பின்னால் சமதரை,
சமதரைக்குப் பின்னாலும் சமதரை.
"இவ்வளவு வெட்டவெளியில எப்படி
ஒருத்தியத் தொலைச்சான்?
மேல ஏறி நின்னு பாத்தா தெரியாதா?"
ஏறி நிற்க அங்கே மேடு இல்லை என்றேன்.
யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.
"அதான் இத்தனை பாட்டு."

நாய் போய், லொறி போய், மனைவியும் போன பாட்டுக்கு
விழுந்து விழுந்து சிரிப்போம்.
லொறி முதலில் போயிருந்தால்
மனைவி எதில் போனாள்?
பஸ்ஸில் என்பேன். நாயைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்பாள்.
அப்போது அந்தக் கிட்டார் வரும்,
கம்பிமேல் இரும்பு வழுக்குகிற கிட்டார்.
நாங்கள் கோப்பைக்குள் பார்ப்போம்.

பகிடிப் புத்தகங்களை அவள் வாசிப்பது
வங்கியில் காசு எண்ணும் அதே முகத்தோடு.
'கோல்ஃப் பந்து ஒளியும் ஐந்நூறு இடங்கள்',
பக்கத்துக்குப் பக்கம் வெறும் புல்.
'குறட்டையின் இலக்கணம்', பயிற்சிகளுடன்.
'வழுக்கையர்க்கான சீப்புக் கையேடு',
பதினோராம் பக்கத்தில் ஒற்றைப் பல் சீப்பின் படம்,
அளவு விளக்கத்தோடு.
எனக்கு வயிறு நோகும். அவள் அடுத்த பக்கம் திருப்புவாள்.

நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று,
அதற்கு மேல் மூன்றில் ஒன்று.
"அந்த மூணுல ஒண்ண எந்தக் கணக்குல எழுதுவாங்க?"
காசாளர் அல்லவா, அது அவளுக்கு உறுத்தும்.

சீப்புக் கையேட்டின் முதல் பக்கத்தில்
யாரோ நீல மையில் எழுதியிருந்தார்கள்:
'டெரெக்குக்கு, ஐம்பது ஆனதற்கு.
இப்படிக்கு, கணக்குப் பிரிவுப் பாவிகள்.'
டெரெக் சிரித்தானா?
மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினானா?
பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன.
அவன் பாவிகளை மன்னிக்கவில்லை என்று
நாங்கள் முடிவு செய்திருந்தோம்.

போன மாசியில் எனக்கு ஐம்பது.
தேயிலைக் கடதாசியில் சுற்றி ஒன்று தந்தாள்.
பிரித்தால், என் புத்தகம். எனக்கே.
டெரெக்கின் பெயரை அவள் வெட்டவில்லை.
அதற்குக் கீழே கறுப்பு மையில்
'மற்றும் குணரெத்தினத்துக்கு' என்றிருந்தது.
இப்படிக்கு, பாவி.
ஒருமையில்.
கடையை மூடிய பிறகு அந்த ஒருமையை
இரண்டு மூன்று தடவை வாசித்தேன்.

இப்போது மூன்றாம் பாட்டில் முள் மாட்டிக்கொண்டது.
இனித் திரும்பி வரவேமாட்டேன் என்று
முடிக்கவேண்டிய ஆள்
'திரும்பி வா' வரைக்கும் வந்து
அங்கேயே நிற்கிறான்.
திரும்பி வா. திரும்பி வா.
என் கையில் தேத்தண்ணி, அவள் கையிலும்.
எழும்புவது யார் என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறோம்.
பதுளை ரயில் கீழே போனால் மேசை அதிரும்,
முள் தானாகவே தாண்டிவிடும்.

மியங்கொட பக்கம் மண் சரிவாம்,
ரயில் ஒன்றரை மணி நேரம் லேட்.
அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக்
காலை மடித்து உட்கார்ந்துகொள்கிறாள்.